ஸ்டீல் கிட்டார் மேடையில் எஃபெக்ட்ஸ் ரிமோட் சொல்பேச்சு கேட்காதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

நின்றுகொண்டு வாசிக்கும் கிட்டார்க்காரருக்கு எஃபெக்ட் (எதிரொலி போல ஒலிக்குச் சேர்க்கும் மாற்றம்) மாற்றுவது ஒரு வேலையே இல்லை. காலடியில் பெட்டிகள் வரிசையாகக் கிடக்கும். சும்மா இருக்கும் காலால் ஒரு மிதி, முடிந்தது. உட்கார்ந்து, கம்பிகள் மேல் உலோகப் பாரை வழுக்கி, பெடல்களாலும் முழங்கால் லீவர்களாலும் சுருதி மாற்றி வாசிக்கும் பெடல் ஸ்டீலில் சும்மா இருக்கும் கால் என்று ஒன்று கிடையாது. இடது கால் ஏ, பி, சி பெடல்களில். வலது கால் வால்யூம் பெடலில். முழங்கால்கள் இரண்டும் லீவர்களுக்கு நடுவே. இடது கை பாரைப் பிடித்திருக்கிறது; அதை எடுத்தால் ஒலித்துக்கொண்டிருக்கும் ஸ்வரம் அங்கேயே செத்துவிடும். மிச்சம் இருப்பது வலது கைதான். அதற்கும் மீட்டி முடித்த பிறகு, வலது கால் வால்யூமை மெல்ல ஏற்றி ஸ்வரத்தைத் தாங்கிப் பிடிக்கும் அந்த ஒன்றிரண்டு விநாடிதான் ஓய்வு.

அதனால்தான் ஸ்டீல் வாசிப்பவர்கள் எஃபெக்ட்ஸ் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, அதை இயக்கும் சுவிட்சை மட்டும் கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். மிடி (இசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் முறை) கேபிளோ, புளூடூத்தோ, ஒரு சாதாரண ஃபுட்சுவிட்ச் வயரோ, ஏதோ ஒன்று நடுவில் ஓடுகிறது. கோளாறுகளில் முக்கால்வாசி இந்த நடுவில்தான். மடியில் வைத்து வாசிக்கும் லாப் ஸ்டீல்காரர்களுக்குக் கால்கள் மிச்சம் இருப்பதால் இந்தப் பாடு கொஞ்சம் குறைவு. ஆனாலும் கீழே சொல்வதில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

முதலில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் நான் இந்த வரிசையில்தான் போவேன். கட்டளை கிளம்பியதா? போய்ச் சேர்ந்ததா? சேர்ந்த இடத்தில் அது புரிந்ததா? இந்த மூன்றில் எது இல்லை என்று தெரியாமல் மெனுவுக்குள் புகுந்து கண்டதையும் மாற்ற ஆரம்பித்தால், ஒரு கோளாறு மூன்றாகிவிடும்.

கிளம்பியதா என்று பார்க்க என் பையில் எப்போதும் கிடக்கும் ஒரு சின்னச் சாமான் உண்டு: ஒரு சிவப்பு எல்இடி. மிடியின் 5 ஊசி பிளக்கை நேரே பார்த்தால், நடுவில் இருப்பது 2-ஆம் ஊசி. அதன் இரண்டு பக்கமும் இருப்பவை 4, 5. கட்டளை ஓடுவது அந்த இரண்டில்தான். எல்இடியின் நீளமான காலை 4-இலும் குட்டையான காலை 5-இலும் படும்படி வைத்து, ஒரு 220 ஓம் ரெசிஸ்டரையும் தொடரில் சேர்த்துக்கொண்டால் சோதனைக் கருவி தயார். ஒரு விஷயம்: மிடி விநாடிக்கு 31,250 பிட் வேகத்தில் ஓடுகிறது. ப்ரீசெட்டை (சேமித்துவைத்த ஒலி அமைப்பை) மாற்றும் ஒரே ஒரு ப்ரோக்ராம் சேஞ்ச் கட்டளை முக்கால் மில்லி விநாடிகூட எடுக்காது, அதனால் அந்த மினுக்கல் கண்ணுக்கு அகப்படாது. கட்டுப்பாட்டுப் பலகையில் (கட்டளை அனுப்பும் சுவிட்ச் பலகை; இனி ‘பலகை’) எக்ஸ்பிரஷன் பெடல் (காலால் ஓர் அளவை ஏற்றி இறக்கும் பெடல்) இருந்தால் அதை மேலும் கீழும் ஆட்டுங்கள். கட்டளைகள் கொட்டும், எல்இடி மங்கலாகத் துடிப்பது தெரியும். அதை கேபிளின் மறுமுனையில் வைத்துப் பார்த்தால் முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே அடியில் பதில் கிடைத்துவிடும்.

அறிகுறி: அழுத்தினேன், ஒன்றுமே நடக்கவில்லை

முதலில் பெட்டியின் முன்பக்கத்தில் இருக்கும் பொத்தானைக் கையால் அழுத்துங்கள். அதற்கு எஃபெக்ட் மாறினால் பெட்டி நலம். வழியைத்தான் பார்க்க வேண்டும்.

5 ஊசி கேபிள் என்றால் மூன்று சந்தேகங்கள். அவுட்டும் இன்னும் மாறிச் செருகப்பட்டிருக்கலாம். இருட்டில் இது நடக்காத மேடையே இல்லை. பலகையின் அவுட், பெட்டியின் இன், அவ்வளவுதான். அடுத்து, பெட்டியில் த்ரூ என்ற துளைக்குள் செருகியிருக்கலாம்; அது வந்ததை அப்படியே வெளியே அனுப்பும் வாசல், உள்ளே எதையும் வாங்காது. மூன்றாவது, உங்கள் பலகை அதே கேபிள் வழியாக மின்சாரத்தையும் வாங்கும் வகையாக இருக்கலாம். அப்படிப்பட்ட பலகைகள் 2, 4, 5 அல்லாத மற்ற ஊசிகளையும் பயன்படுத்தும். ஆனால் பல மிடி கேபிள்களுக்குள் வயர் இருப்பதே அந்த மூன்றுக்கு மட்டும்தான். வெளியே ஐந்து ஊசியும் பளபளவென்று இருக்கும், உள்ளே இரண்டு வெறும் அலங்காரம். பலகையில் விளக்கே எரியவில்லை என்றால் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

டிப், ரிங், ஸ்லீவ் என்று மூன்று தொடுபகுதிகள் உள்ள சின்ன டிஆர்எஸ் பிளக் வழியாக மிடி அனுப்பும் பெட்டிகளில் இன்னொரு சிக்கல். 2018-இல் ஏ வகைதான் தரம் என்று முடிவாகும்வரை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இஷ்டப்படி இணைத்தார்கள். ஏ வகையில் ரிங் பகுதி 4-ஆம் ஊசிக்கும் டிப் பகுதி 5-ஆம் ஊசிக்கும் போகும். பி வகையில் இது தலைகீழ். ஏ பெட்டியையும் பி பெட்டியையும் நேராக இணைத்தால் ஓர் அசைவும் இருக்காது. வகை மாற்றித் தரும் குட்டி அடாப்டர் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டால் தீர்ந்தது. கேபிள் செத்துவிட்டது என்று நினைத்து நான்கு கேபிள் மாற்றிப் பார்த்தவன் நான்.

யூஎஸ்பி என்றால் கேள்வி வேறு. யூஎஸ்பியில் ஒருவர் எஜமான், மற்றவர் பணியாள். பலகையும் பெட்டியும் இரண்டுமே பணியாளாக இருந்தால், எவ்வளவு நல்ல கேபிள் போட்டாலும் இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு கணினியோ, யூஎஸ்பி ஹோஸ்ட் பெட்டியோ வேண்டும்.

வழியும் சரி, கட்டளையும் போய்ச் சேர்கிறது, ஆனாலும் மாறவில்லை என்றால் மூன்றாவது கேள்விக்கு வந்துவிட்டோம். மிடியில் 16 சேனல்கள். பலகை 1-இல் பேசிக்கொண்டிருக்கும், பெட்டி 2-இல் காது வைத்திருக்கும். பெட்டியில் ஆம்னி என்ற தேர்வு இருந்தால் தற்காலிகமாக அதைப் போட்டுப் பாருங்கள். எல்லாச் சேனலையும் கேட்கும். அப்போது வேலை செய்தால் சேனல்தான் பிழை. ஆம்னியை அப்படியே விட்டுவிடாதீர்கள். பின்னால் இரண்டாவது பெட்டி ஒன்றைச் சேர்க்கும் நாளில் இரண்டும் ஒரே கட்டளைக்குத் துள்ளும். சில பெட்டிகளில் ப்ரோக்ராம் சேஞ்சை வாங்குவதா வேண்டாமா என்றே தனியாக ஒரு தேர்வு இருக்கும். வாங்கும்போதே அது அணைந்திருப்பதும் உண்டு.

அறிகுறி: மாறுகிறது, ஆனால் கேட்டது வரவில்லை

10-ஆம் ப்ரீசெட் கேட்டால் 11 வருகிறது. இது கோளாறே அல்ல, எண்ணும் பழக்கம். மிடிக்குள் எண்கள் 0 முதல் 127 வரை. பல பெட்டிகளின் திரையில் 1 முதல் 128 வரை. ஒருவர் சுழியிலிருந்தும் மற்றவர் ஒன்றிலிருந்தும் எண்ணினால் எப்போதும் ஒன்று தள்ளியே நிற்கும். இரண்டில் ஒன்றை மாற்றிக்கொள்ளலாம். மாற்ற வழி இல்லை என்றால் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஒன்று தள்ளி வராமல் முற்றிலும் வேறு இடத்துக்குத் தாவினால் பேங்க் (ப்ரீசெட்டுகளின் தொகுதி) விவகாரம். 128-க்கு மேல் ப்ரீசெட் இருக்கும் பெட்டிகளில், எந்த பேங்க் என்பதை சிசி 0, சிசி 32 (சிசி என்பது கண்ட்ரோல் சேஞ்ச் கட்டளை) என்ற இரண்டு எண்களால் சொல்ல வேண்டும். அதைச் சொன்ன உடனே எதுவும் மாறாது. அடுத்து ப்ரோக்ராம் சேஞ்ச் வந்தால்தான் மாறும். ஆகவே பேங்க் முன்னால், ப்ரோக்ராம் பின்னால். வரிசை புரண்டால், பெட்டி பழைய பேங்கிலேயே ப்ரீசெட்டை எடுத்துவிட்டு, புதிய பேங்கை அடுத்த அழுத்தலுக்கு வைத்துக்கொள்ளும். ‘ஒரு பாட்டு பின்தங்கி மாறுகிறது’ என்று யாராவது குழம்பினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அறிகுறி: இரண்டு தடவை அழுத்தினால்தான் மாறுகிறது

இதற்குக் காரணங்கள் இரண்டு. வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

ஒன்று, சுவிட்ச் வகை. அழுத்தினால் ஒட்டிக்கொண்டு, மறுபடி அழுத்தினால் விடுபடுவது லாட்சிங். அழுத்தும்வரை மட்டும் சேர்ந்திருப்பது மொமென்ட்டரி. பெட்டி மொமென்ட்டரியை எதிர்பார்த்து, ஒவ்வொரு தடவை சேரும்போதும் எஃபெக்ட்டை மாற்றும் என்று வையுங்கள். லாட்சிங் சுவிட்சை மாட்டினால் முதல் அழுத்தலில் சேரும், மாறும். இரண்டாவது அழுத்தலில் பிரியும், ஒன்றும் ஆகாது. சுவிட்சின் சத்தத்தை வைத்தே பிரித்துவிடலாம்: அழுத்தும்போது ஒரு ‘கிளிக்’ கேட்டு, காலை எடுத்த பிறகும் ஆழத்தில் நின்றால் லாட்சிங்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் நுட்பமானது. 127 என்றால் போடு, 0 என்றால் அணை. பலகை தன் மனதில் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: ‘டிலே (எதிரொலி எஃபெக்ட்) இப்போது அணைந்திருக்கிறது, அடுத்து 127 அனுப்ப வேண்டும்.’ நடுவில் நீங்கள் பெட்டியின் முகப்பிலேயே கையால் டிலேயைப் போட்டுவிட்டீர்கள். பலகைக்கு அது தெரியாது. அடுத்த அழுத்தலில் அது 127 அனுப்பும்; ஏற்கெனவே எரிவது எரிந்துகொண்டே இருக்கும். இன்னொரு அழுத்தல், 0 போகும், அணையும். ப்ரீசெட் மாற்றினாலும் இதே கதைதான். புதிய ப்ரீசெட்டில் டிலே போட்டபடி சேமிக்கப்பட்டிருக்கும், பலகையின் கணக்கில் அணைந்திருக்கும். வழி: ஒரே எஃபெக்ட்டை இரண்டு இடத்திலிருந்து தொடாதீர்கள். முடிந்தால் ஒவ்வொரு ப்ரீசெட்டும் எடுக்கப்படும்போதே, அதற்கான எரிதல் அணைதல் எல்லாவற்றையும் பலகையே வரிசையாக அனுப்பும்படி எழுதிவிடுங்கள்.

கம்பியில்லாப் பலகையாக இருந்தால் மூன்றாவதாக ஒன்றும் உண்டு, தூக்கம். பேட்டரியை மிச்சப்படுத்த, சில நிமிடம் தொடாமல் விட்டால் கண்ணை மூடிக்கொள்ளும் கருவிகள் இருக்கின்றன. முதல் அழுத்தல் எழுப்பத்தான், இரண்டாவதுதான் கட்டளை. ஸ்டீல்காரர்கள் பல நேரம் ஒரு பாட்டுக்கு ஒரு தடவைதான் மாற்றுவோம், அதனால் நமக்கு ஒவ்வொரு தடவையும் இதே தொல்லை. தூக்கத்தை அணைத்துவைக்கத் தேர்வு இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

அறிகுறி: நான் தொடவே இல்லை, தானாக மாறுகிறது

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். ஸ்டீலின் உடம்புக்கு அடியில், வலது பக்கம், ஒரு சின்னச் சுவிட்சை மாட்டியிருந்தேன். சுண்டுவிரலால் எட்டித் தட்டினால் டிலே வரும். இரண்டு நாள் அருமையாக ஓடியது. மூன்றாம் நாள் ஒத்திகையில் மெதுவான பாட்டுகளில் மட்டும் டிலே தானாக வரவும் போகவும் ஆரம்பித்தது. சேனல் பார்த்தேன், கேபிள் மாற்றினேன், பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினேன். ஒன்றும் பலிக்கவில்லை.

கடைசியில் தரையில் மல்லாந்து படுத்து, ஒரு கையால் முழங்கால் லீவர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். 4, 8 ஆகிய ஈ (E) சுருதிக் கம்பிகளை அரை ஸ்வரம் இறக்கும் லீவர், தன் பாதையின் கடைசிக் கால் அங்குலத்தில், தொங்கிக்கொண்டிருந்த சுவிட்ச் வயரைத் தொட்டு இழுத்தது. வயர் பிளக்கை அசைத்தது, பிளக்குக்குள் தொடர்பு விட்டுச் சேர்ந்தது, பெட்டிக்கு அது ஓர் அழுத்தலாகத் தெரிந்தது. வேகமான பாட்டில் லீவரைப் பாதிதான் தள்ளுவேன்; மெதுவான பாட்டில்தான் கடைசிவரை. அதனால்தான் அந்த ‘மெதுவான பாட்டு’ மர்மம். வயரை உடம்பின் ஓரமாக ஒட்டுநாடாவால் பதித்ததும் தீர்ந்தது. அடியில் ஏதாவது மாட்டினால் எல்லாப் பெடலையும், எல்லா லீவரையும் ஒன்றாகவும் தனித்தனியாகவும் முழுத் தூரம் தள்ளிப் பாருங்கள். இழுகம்பிகளும் குறுக்குத் தண்டுகளும் நகரும் இடத்தில் எந்த வயருக்கும் வேலை இல்லை.

லீவர் காரணமில்லை என்றால் அடுத்த சந்தேகம் சுவிட்சின் துள்ளல். உலோகத் தொடுமுனைகள் சேரும்போது சில மில்லி விநாடிக்குள் பலமுறை தொட்டுத் தொட்டு விலகும். நல்ல பலகை அதை ஒரே அழுத்தலாக எடுத்துக்கொள்ளும். கையால் செய்த சுவிட்ச் பெட்டியோ, தேய்ந்துபோன சுவிட்சோ இரண்டு மூன்று அழுத்தலாக அனுப்பிவிடும். சுவிட்சை மாற்றுவதே மேல்.

எக்ஸ்பிரஷன் பெடலுக்குள் இருக்கும் பொட்டில் (பெடல் அசைய அசைய மின்தடை மாறும் பாகம்) தூசி ஏறினாலும் தானாக மாறும். யாரும் தொடாதபோதும் அது 63, 64, 63 என்று அலைந்து, கட்டளைகளை ஓயாமல் கொட்டும். பெட்டியின் மிடி விளக்கு சும்மா இருக்கும்போதும் மினுக்கினால் அந்தப் பெடலைக் கழற்றிப் பாருங்கள். அப்புறம் சுழற்சி: பெட்டியின் அவுட் திரும்பப் பலகையின் இன்னுக்கு வந்து, பலகையும் வந்ததை மறுபடி அனுப்பும்படி இருந்தால், ஒரு கட்டளை வட்டமடித்துக்கொண்டே இருக்கும். திரும்பும் கேபிள் தேவையில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: மாறும் கணத்தில் ஓசை அறுபடுகிறது, அல்லது ‘டப்’ என்கிறது

ஸ்டீலில் இது மற்ற எந்தக் கிட்டாரையும்விட அதிகம் உறுத்தும். இங்கே ஸ்வரங்கள் நீண்டு ஒலிக்கும், ஒன்றோடு ஒன்று வழுக்கிச் சேரும். நடுவில் ஒரு சின்ன இடைவெளி விழுந்தாலும் துணியில் கிழிசல் மாதிரி தெரியும்.

பல டிஜிட்டல் பெட்டிகள் ப்ரீசெட் மாறும்போது உள்ளே எல்லாவற்றையும் இறக்கி, புதிதாக ஏற்றும். அந்த நேரம் ஒலி நின்றுவிடும். இதை மிடியில் சரிசெய்ய முடியாது. ப்ரீசெட்டையே மாற்றாமல், ஒரே ப்ரீசெட்டுக்குள் சீன் அல்லது ஸ்னாப்ஷாட் என்று பெயர் வைத்திருக்கும் நிலைகளை மாற்றுங்கள். எல்லா எஃபெக்ட்டும் ஏற்கெனவே உள்ளே ஏறியிருப்பதால் இடைவெளி இருக்காது, இருந்தாலும் காதுக்கு எட்டாது. ஒரு நிகழ்ச்சி முழுவதையும் ஒரே ப்ரீசெட்டில் எட்டு நிலைகளுக்குள் அடக்கிவிட முடியும் என்பதே என் அனுபவம். ஸ்டீலுக்கு அதற்கு மேல் தேவைப்பட்டால், பாட்டைத்தான் சந்தேகப்படுவேன்.

டிலேயின் வால் அறுந்தால் இரண்டு இடம் பாருங்கள். ட்ரெயில்ஸ் அல்லது ஸ்பில்ஓவர் என்ற தேர்வு அணைந்திருக்கலாம். போட்டால், எஃபெக்ட்டை அணைத்த பிறகும் எதிரொலி இயல்பாகக் கரையும். இன்னொன்று, வால்யூம் பெடல் எங்கே நிற்கிறது என்பது. டிலேக்கும் ரிவெர்ப்புக்கும் (அறை முழக்கம் போன்ற எஃபெக்ட்) முன்னால் நின்றால், பெடலை மூடினாலும் வால் தொடரும். பின்னால் நின்றால் எதிரொலியோடு சேர்த்து எல்லாம் அடங்கிவிடும். சிலருக்கு அந்த இரண்டாவதுதான் பிடிக்கும். எனக்கு முதலாவது.

‘டப்’ என்ற வெடிப்பு பெரும்பாலும் ட்ரூ பைபாஸ் பெடல்களை (அணைத்தால் ஒலியை நேராகக் கடத்திவிடும் பெடல்கள்) தொலைவிலிருந்து மாற்றும் லூப் சுவிட்சரில் வரும். பெடலின் வாசலில் இருக்கும் கபாசிட்டரில் தேங்கிய நேர்மின்னழுத்தம், இணைப்பு சேரும் கணத்தில் ஒரேயடியாக வடியும் சத்தம் அது. நிகழ்ச்சிக்கு முன் எல்லாச் சுவிட்சையும் நாலைந்து தடவை அழுத்திவிட்டால் குறையும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், அந்த வாசலிலிருந்து மின் தரைக்கு (கிரவுண்டுக்கு) 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைக்க வேண்டும். பற்றவைக்கத் தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை.

அறிகுறி: எக்ஸ்பிரஷன் பெடல் பாதி தூரம்தான் வேலை செய்கிறது

முதலில் அது எக்ஸ்பிரஷன் பெடல்தானா? ஸ்டீல்காரர் வீட்டில் பழைய வால்யூம் பெடல் ஒன்று நிச்சயம் கிடக்கும், ‘இதையே செருகினால் என்ன’ என்று தோன்றும். அதற்குள் இருப்பது வழக்கமாக 500 கிலோ ஓம் பொட், காதுக்கு ஏற்றபடி வளைந்த அளவில். எக்ஸ்பிரஷன் வாசல் எதிர்பார்ப்பது 10 கிலோ ஓம் அளவிலான நேர் அளவுப் பொட். வால்யூம் பெடல் இரு முனைக் கேபிளில் வேலை செய்யும். இதற்கு மூன்று முனையுள்ள டிஆர்எஸ் வேண்டும். சாதாரண கிட்டார் கேபிளைச் செருகினால் ரிங்கும் ஸ்லீவும் ஒட்டிப்போய், பெடல் அசையாது, அல்லது ஒரு முனையிலேயே சிக்கிக்கொள்ளும்.

கேபிளும் பெடலும் சரி, ஆனாலும் எல்லா மாற்றமும் கடைசி இரண்டு சென்டிமீட்டரிலேயே நடக்கிறது என்றால், டிப்பும் ரிங்கும் இடம் மாறியிருக்கின்றன. தயாரிப்பாளர்களுக்குள் இதில் ஒற்றுமை இல்லை. பல பெடல்களில் அடியில் இவற்றை மாற்றும் ஒரு சுவிட்சோ, பலகையின் மெனுவில் ஒரு தேர்வோ இருக்கும். அதை மாற்றிய பிறகு அளவுச் சரிபார்ப்பை மறுபடி செய்யுங்கள்: முழுதாகப் பின்னால், முழுதாக முன்னால், சேமி. நீங்கள் உட்கார்ந்து வாசிக்கும் அதே நிலையில் காலை வைத்துச் செய்யுங்கள். நின்றுகொண்டு கையால் அமுக்கிச் செய்தால் பெடல் போகும் தூரம், உட்கார்ந்த காலால் போகாது.

பெடலைத் தொட்டவுடன் ஒலி தாவுகிறது என்றால் அது பிழை இல்லை. ப்ரீசெட்டில் சேமித்த அளவு ஒன்று, பெடல் நிற்கும் இடம் வேறு. தொட்ட கணத்தில்தான் பெட்டிக்கு உண்மை தெரிகிறது. சேமித்த அளவைப் பெடல் கடந்த பிறகே பின்தொடரும் தேர்வு சில பெட்டிகளில் உண்டு.

அறிகுறி: ஒத்திகையில் ஓடியது, ஆள் நிறைந்ததும் ஓடவில்லை

புளூடூத் மிடி, வைஃபை செயலி, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட், எல்லாம் இந்த வரிசையில் சேரும். காலியான அரங்கில் ராஜா மாதிரி ஓடும். ஐந்நூறு பேர் ஐந்நூறு போனோடு வந்து உட்கார்ந்தால், அதே அலைவரிசையில் எல்லாரும் பேச ஆரம்பிப்பார்கள். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது நன்றாகவே விழுங்கும்.

ஸ்டீலுக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு. அனுப்பும் கருவியைக் கண்ணில் படாமல் உடம்புக்கு அடியில் ஒளித்து மாட்டுவோம். அந்த இடத்தைக் குனிந்து பாருங்கள்: இரண்டு பக்கமும் உலோகத் தகடு, நடுவில் பத்துக்கும் மேற்பட்ட தண்டுகளும் கம்பிகளும், முன்னால் உங்கள் தொடைகள். அலை வெளியே போக அதைவிட மோசமான இடம் கிடையாது. கருவியை வெளிப்புறமாக, வாங்கும் பெட்டியை நேரே பார்க்கும்படி வையுங்கள். வாங்கும் பெட்டியை ஆம்ப்புக்குப் பின்னால் தரையில் போடாமல், மேலே ஏற்றி வையுங்கள். இந்த இரண்டும் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

வைஃபை என்றால் அரங்கத்தின் இணைப்பில் ஏறாதீர்கள். சொந்தமாக ஒரு சின்ன ரவுட்டர், 5 கிகாஹெர்ட்ஸில், உங்கள் இரண்டு கருவிகளுக்கு மட்டும்.

புளூடூத்தில் என்னை மிக அதிகம் அலைக்கழித்தது அலையே அல்ல, பையில் கிடந்த என் பழைய போன். முன்பு ஒரு நாள் சோதிப்பதற்காக அதை எஃபெக்ட்ஸ் பெட்டியோடு இணைத்திருந்தேன். பெட்டி ஒருவரோடு மட்டும்தான் பேசும். ஒவ்வொரு தடவை பெட்டியைப் போட்டதும், டாப்லெட்டை முந்திக்கொண்டு பைக்குள்ளிருந்து அந்தப் போன் போய்க் கைகொடுத்துவிடும். பழைய இணைப்புகளை எல்லாக் கருவியிலும் மறக்கச் செய்யுங்கள். டாப்லெட்டை விமானப் பயன்முறையில் போட்டு, புளூடூத்தை மட்டும் திரும்ப எழுப்புங்கள். திரை தானாக அணைவதையும் நிறுத்துங்கள்.

டாப்லெட் பற்றிப் பேசும்போது இன்னொன்று: கட்டைவிரலில் பிளாஸ்டிக் பிக், அடுத்த இரண்டு விரலில் உலோக பிக் மாட்டிக்கொண்டு தொடுதிரையைத் தட்டினால், பிளாஸ்டிக்கைத் திரை கண்டுகொள்ளாது, உலோகம் கண்ணாடியைக் கீறவும் கூடும். ரிமோட் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். மோதிர விரலையோ சுண்டுவிரலையோ பழக்குங்கள். பொத்தான்களை அந்த விரலுக்கு ஏற்ற அளவில் பெரிதாக வரைந்துகொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், மாற்றும் கட்டளைக்குக் கம்பிதான். உட்கார்ந்து வாசிக்கும் வாத்தியம் இது. மூன்று மீட்டர் கேபிள் யார் காலையும் தடுக்கப்போவதில்லை. மிடி கேபிளுக்குப் பரிந்துரைக்கப்படும் உச்ச நீளம் 15 மீட்டர். அதற்குள் எந்த மேடையும் அடங்கும்.

அறிகுறி: ரிமோட் மாட்டியதும் ரீங்காரம்

5 ஊசி மிடியில் வாங்கும் பக்கம் ஒளி வழியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு பெட்டிகளின் தரை அங்கே சேராது, அதனால் அது ரீங்காரம் கொண்டுவருவது அபூர்வம். யூஎஸ்பியில் அந்தப் பிரிப்பு கிடையாது. கணினியையும் எஃபெக்ட்ஸ் பெட்டியையும் யூஎஸ்பியில் இணைத்து, இரண்டும் தனித்தனி பிளக்கில் மின்சாரம் எடுத்தால், தரைச் சுழற்சி உண்டாகும். கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் அதுதான். இரு பக்கத் தரைகளையும் பிரித்துவைக்கும் யூஎஸ்பி ஐசோலேட்டரோ, 5 ஊசிக்கு மாறுவதோ வழி. எர்த் ஊசியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் பிடுங்காதீர்கள். உலோகக் கம்பிகளில் உலோகப் பாரை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது நீங்கள்.

ஸ்டீலைத் திருப்பினால் ரீங்காரம் மாறுகிறதென்றால், அது பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) பிடிக்கும் காந்தப்புலம். அடாப்டரையும் டாப்லெட்டையும் பிக்கப்பிலிருந்து ஒரு கை நீளமாவது தள்ளுங்கள்.

அறிகுறி: பெட்டியைத் தள்ளி வைத்ததிலிருந்து ஒலி மங்கல்

கேபிள் நீளம். மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் வீதம் கபாசிட்டன்ஸ் சேர்ந்து, உச்ச ஒலிகளை உறிஞ்சிவிடும். பாஸிவ் (மின்சாரம் தேவைப்படாத) வால்யூம் பெடல் நடுநிலையில் நிற்கும்போது இது இன்னும் மோசம்; 500 கிலோ ஓம் பொட் நடுவில் 125 கிலோ ஓம் வரை தடையாக நிற்கும். ஸ்டீலுக்குப் பக்கத்தில் ஒரு பஃபர் (ஒலிச் சைகையை மங்காமல் கடத்தும் சின்ன மின்சுற்று), பெடலுக்குப் பின் ஒரு பஃபர். அல்லது ஒலியை நீளமாக இழுக்காமல் பெட்டியையே பக்கத்தில் வைத்து, கட்டளையை மட்டும் நீளமாக இழுங்கள்.

அறிகுறி: பாட்டு நடுவில் எல்லாம் நின்றுவிட்டது

இங்கே பிழை தேடுவதில்லை. தேடினால் மிச்சப் பாட்டும் போய்விடும்.

வால்யூம் பெடலுக்கும் எஃபெக்ட்ஸ் பெட்டிக்கும் நடுவில் ஓர் ஏ-பி சுவிட்ச். ஏ எஃபெக்ட்ஸுக்கு, பி நேராக ஆம்ப்புக்கு. மின்சாரம் தேவைப்படாத வகையாக, வலது கைக்கு எட்டும் இடத்தில். ஆம்ப்பின் சொந்த ரிவெர்பை முன்கூட்டியே பாதி அளவுக்கு வைத்திருங்கள், அப்போது பி பக்கம் வெறுமையாகக் கேட்காது. ஸ்வரத்தை மீட்டுங்கள், வால்யூமை முழுதாக மூடுங்கள், சுவிட்சைத் தட்டுங்கள், திறங்கள். ஒத்திகையில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து தடவை செய்துபாருங்கள்.

பெட்டி திரும்ப எழும்போது எந்த ப்ரீசெட்டில் எழும் என்பதையும் முன்பே பார்த்துவையுங்கள். பல பெட்டிகள் முதல் ப்ரீசெட்டில் எழும். அங்கே தயாரிப்பாளர் வைத்த விண்வெளிச் சத்தம் இருந்தால், மெதுவான பாட்டின் நடுவில் அது வந்து நிற்கும். முதல் இடத்தில் சுத்தமான ஒலியும் கொஞ்சம் ரிவெர்பும் மட்டும் சேமித்துவையுங்கள்.